ஆங்கிலம் மட்டும் பெரிதாகிய பாடநூல்

சயாமா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பாடநூலில் தமிழ் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள் தம்பி. பிள்ளைகளால் சுழி எண்ண முடியவில்லை."

ரங்கூனில் எங்கள் கோயில் மண்டபத்தில் கோடை விடுமுறைத் தமிழ் வகுப்பை நடத்துகிறவர் அவர். எழுபது வயதைத் தாண்டியவர். தமிழ்ப் பெண்மணிதான்; ஆனால் இந்த ஊரில் பாடம் சொல்லித்தரும் பெண் யாராக இருந்தாலும் சயாமா என்றுதான் அழைப்போம். அவர் சொன்னது எனக்கு உடனே விளங்கவில்லை. மறுநாள் மாலை வகுப்புக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி 'கண்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்துச் சுழிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்று சுழி இருந்தால் ண, இரண்டு சுழி இருந்தால் ன என்று சயாமா சொல்லிக்கொடுத்திருந்தார். 14 பாயிண்ட் அளவில் அச்சாகி, அதையும் நகல் எடுத்த தாள் அது. சுழிகளெல்லாம் மை அடைத்துக் கிடந்தன. இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "ன?" என்றாள். எண்ணத் தெரிந்த பிள்ளையை ஊகிக்க வைத்தது நான் வடிவமைத்துக் கொடுத்த பக்கம்.

அறுபதுகளில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் காதால் வருகிறதே தவிர, கண்ணால் வருவதில்லை. பள்ளியில் எல்லாம் பர்மிய மொழியில். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள், கோடை விடுமுறையில் கிடைக்கும் சில வாரங்களில்தான் அ முதல் ன வரை கற்றாக வேண்டும். சித்திரை பிறக்கும் அதே வாரத்தில் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவும் வந்துவிடும். அச்சகங்கள் எல்லாம் மூடிவிடும். அதற்குள் புத்தகம் அச்சேறாவிட்டால் இந்த ஆண்டு வகுப்புக்குப் பழைய நகல் தாள்தான். என் கையில் இருந்தவை பன்னிரண்டு நாட்கள். எழுத்தளவை மாற்றுவது அரை மணி நேர வேலை என்று சயாமாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். பதினொரு நாட்கள் ஆயின. அந்த நாட்களில் நான் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழோடு இன்னொரு மொழியையும் ஒரே பக்கத்தில் வைத்துப் புத்தகம் செய்கிற யாருக்கும் இது பயன்படும்.

புத்தகத்தில் 24 பாடங்கள். பாடத்துக்கு ஒரு கோப்பு. எல்லாம் லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்ற எழுதும் மென்பொருளில், ஒரே டெம்ப்ளேட்டிலிருந்து, அதாவது ஒரே மாதிரிக் கோப்பிலிருந்து, தொடங்கியவை. ஒவ்வொரு வரியிலும் முதலில் தமிழ்ச் சொல், அடுத்து அதன் பர்மியப் பொருள், கடைசியில் ஆங்கிலப் பொருள். அந்த வரிக்கு டெம்ப்ளேட்டில் 'பாட வரி' என்று ஒரு ஸ்டைல் வைத்திருந்தேன்; எழுத்துரு, அளவு போன்றவற்றைச் சேர்த்து ஒரு பெயரில் வைப்பதுதான் ஸ்டைல். டெம்ப்ளேட்டில் அந்த ஒரு ஸ்டைலை மாற்றினால் 24 கோப்புகளும் மாறிவிட வேண்டும். அதற்காகத்தானே டெம்ப்ளேட்.

டெம்ப்ளேட்டைத் திறப்பதிலேயே பலர் தடுக்கி விழுகிறார்கள். அதன் மேல் இருமுறை சொடுக்கினால் டெம்ப்ளேட் திறக்காது; அதன் அடிப்படையில் பெயரில்லாத புதிய ஆவணம் ஒன்று திறக்கும். அதில் எதை மாற்றிச் சேமித்தாலும் டெம்ப்ளேட் அப்படியே இருக்கும். டெம்ப்ளேட் மேலாளருக்குள் போய், வலச்சொடுக்கி, 'எடிட்' என்று கொடுத்துத்தான் திறக்க வேண்டும். இது எனக்கு முன்பே தெரியும். திறந்தேன், 'பாட வரி' ஸ்டைலில் 14 இருந்த இடத்தில் 20 என்று இட்டேன், சேமித்தேன். முதல் பாடத்தைத் திறந்ததும் எதிர்பார்த்த கேள்வி வந்தது: இந்த ஆவணத்தின் டெம்ப்ளேட் மாற்றப்பட்டிருக்கிறது, அதன்படி ஸ்டைல்களைப் புதுப்பிக்கட்டுமா? 'அப்டேட் ஸ்டைல்ஸ்' என்பதை அழுத்தினேன்.

ஆங்கிலச் சொற்கள் மட்டும் பெரிதாயின. தமிழும் பர்மியமும் இருந்த அளவிலேயே இருந்தன. கண், மான், மீன் எல்லாம் பொடிப்பொடியாக நிற்க, பக்கத்தில் அவற்றின் ஆங்கிலப் பொருள் கடைப்பலகை எழுத்தைப் போல நின்றது.

காரணம் இதுதான். ரைட்டர் உலகத்து எழுத்துகளை மூன்று கூட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கிலம் போன்ற மேற்கத்திய எழுத்துகள் ஒரு கூட்டம். சீனம், ஜப்பானியம், கொரியம் ஒரு கூட்டம். அரபு, ஹீப்ரு, தாய், இந்தி, தமிழ், பர்மியம் எல்லாம் சேர்ந்து, கூட்டெழுத்து முறை என்று சொல்லத்தக்க மூன்றாவது கூட்டம். ஒரே ஸ்டைலுக்குள் இந்த மூன்றுக்கும் தனித்தனியாக எழுத்துரு, தனித்தனியாக அளவு. நான் மேலே இருந்த முதல் கட்டத்தில் 20 இட்டேன்; அது ஆங்கிலத்துக்கு உரியது. தமிழுக்கான கட்டம் என் கணினியில் கண்ணிலேயே படவில்லை. அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய் மூன்றாவது கூட்டத்துக்கான குறியை இட்ட பிறகுதான் அந்தக் கட்டம் வெளிப்பட்டது. மைக்ரோசாப்ட் வேர்டிலும் இத்தகைய எழுத்துகளுக்குத் தனி எழுத்துருவும் தனி அளவும் உண்டு. 'ஸ்டைலை மாற்றினேன், தமிழ் மாறவில்லை' என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த இடத்தைத்தான்.

சரி, டெம்ப்ளேட்டில் மூன்றாவது கட்டத்திலும் 20 இட்டுச் சேமித்தேன். இது இரண்டாம் நாள் காலை. முதல் நாளில் 24 கோப்புகளில் 16 என்னிடம் கேள்வி கேட்டன, 8 கேட்கவில்லை. இப்போது ஒன்றுகூடக் கேட்கவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்தேன், மூடினேன். எல்லாம் பழைய அளவிலேயே அமைதியாகத் திறந்தன. டெம்ப்ளேட்டை மறுபடி திறந்து பார்த்தால் 20 என்றுதான் இருக்கிறது. இரண்டு நாட்கள் இதிலேயே போயின. லிப்ரே ஆபிஸை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்த்தேன். பயன் இல்லை.

மூன்றாம் நாள் இரவு, கோப்புறையில் கோப்புகளைத் தேதி வரிசையில் அடுக்கிப் பார்த்தபோது டெம்ப்ளேட் பட்டியலின் அடியில் போய்க் கிடந்தது. தேதி: 2009 ஜனவரி 1.

ரங்கூனில் இருப்பவர்களுக்கு மின்வெட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. என் மேசைக் கணினியின் தாய்ப்பலகையில் இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. மின்சாரம் போய் வந்தால் கணினிக்கு நாள் மறந்துவிடும். 2009-இல் போய் நின்றுகொள்ளும். இணையம் இருந்தால் தானே சரிசெய்துகொள்ளும். அன்றைக்கு இணையமும் இல்லை. நான் வேலை அவசரத்தில் மூலையிலிருந்த தேதியைப் பார்க்கவில்லை.

ஆவணக் கோப்பு என்பது உண்மையில் ஒரு சுருக்கிய பொதி. நகல் ஒன்றை எடுத்து, பெயரின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே மெட்டா என்ற சிறு கோப்பு இருக்கும். அதில் ஒரு வரி: இந்த ஆவணம் எந்த டெம்ப்ளேட்டைச் சேர்ந்தது, அந்த டெம்ப்ளேட்டைக் கடைசியாக எந்தத் தேதியில் ஒத்துப் பார்த்தது. டெம்ப்ளேட்டின் தேதி அதைவிடப் புதிதாக இருந்தால்தான் ரைட்டர் கேள்வி கேட்கும். என் டெம்ப்ளேட் 2009-இல் சேமிக்கப்பட்டதாக நிற்கிறது. ஆவணங்களோ முந்தின நாள்தான் ஒத்துப் பார்த்தவை. பதினைந்து ஆண்டுக்கு மேல் பழைய டெம்ப்ளேட்டுக்காக அவை ஏன் கேட்கப்போகின்றன? அந்தப் பொதியைத் திறந்து இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. கடிகாரத்தைச் சரிசெய்து, டெம்ப்ளேட்டில் ஓர் இடைவெளியைச் சேர்த்து நீக்கி, மறுபடி சேமித்தேன். முதல் கோப்பைத் திறந்ததும் கேள்வி வந்தது. மறுநாள் காலை கீழ்த்தெருக் கடையில் புது பேட்டரி வாங்கிப் போட்டுவிட்டேன். இதைச் செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த 8 கோப்புகளின் கதை சிறியது. அவற்றில் 5, என் தங்கை மகன் அவன் மடிக்கணினியில் தட்டச்சு செய்தவை. போன ஆண்டு நான் டெம்ப்ளேட்டில் ஒரு சிறு மாற்றம் செய்தபோது அவனுக்கும் அந்தக் கேள்வி வந்திருக்கிறது. "பழைய ஸ்டைலே இருக்கட்டும் என்று அழுத்திவிட்டேன் மாமா. இத்தனை நேரம் அடுக்கியது கலைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது" என்றான். அவன் பயம் நியாயமானது. ஆனால் 'கீப் ஓல்டு ஸ்டைல்ஸ்' என்பதை ஒரு முறை அழுத்திவிட்டால் அந்த ஆவணத்துக்கும் டெம்ப்ளேட்டுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். அடுத்த முறை கேள்வியே வராது. டெம்ப்ளேட்டைக் கொடுத்தபோதே இதை நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. மிச்சம் 3 கோப்புகளில், பண்புகள் பக்கத்தைப் பார்த்தால் டெம்ப்ளேட்டின் பெயரே வேறு. முன்பொரு முறை நான் டெம்ப்ளேட்டைத் திருத்தி, பெயரின் பின்னால் 'புதியது' என்று சேர்த்துச் சேமித்து அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். அந்தப் பெயரில் இப்போது என் கணினியில் எதுவும் இல்லை. டெம்ப்ளேட்டின் பெயரை மாற்றவே கூடாது. பழைய பதிப்பைப் பாதுகாக்க வேண்டுமானால் பழையதன் நகலுக்கு வேறு பெயர் வையுங்கள். பிள்ளைகள் வீட்டு முகவரியை மறக்காமலிருக்க வேண்டுமானால் வீடு இடம் மாறக் கூடாது.

இந்த 8-க்கும் ஒரே மருந்துதான். டெம்ப்ளேட்டிலிருந்து புதிய ஆவணம் ஒன்றைத் தொடங்கி, பழைய ஆவணத்தின் உள்ளடக்கம் முழுவதையும் நகலெடுத்து அதில் ஒட்டிவிட வேண்டும். ஸ்டைலின் பெயர் ஒன்றாக இருப்பதால் புதிய ஆவணத்தின் வரையறைதான் நிற்கும். ஸ்டைல் பட்டியலில் 'லோட் ஸ்டைல்ஸ்' என்ற வழியும் இருக்கிறது. 'ஓவர்ரைட்' குறியை இட்டுக் கொண்டுவந்தால் அளவுகள் மாறிவிடும். ஆனால் அது அன்றைக்கு மட்டும். அறுந்த தொடர்பு அறுந்தபடியே இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் 4 பாடங்களில் தமிழ் பெரிதாகவில்லை. கேள்வி வந்தது, ஒப்புக்கொண்டேன், ஸ்டைலில் 20 என்று இருக்கிறது, பக்கத்தில் 14-ஆக நிற்கிறது. இது எனக்குப் பழக்கப்பட்ட நோய். யாரோ சொற்களைத் தேர்ந்தெடுத்து, மேலே இருக்கும் பட்டையில் அளவைக் கையால் மாற்றியிருக்கிறார்கள். கையால் செய்தது எப்போதும் ஸ்டைலுக்கு மேலே நிற்கும். டெம்ப்ளேட் ஆயிரம் முறை மாறினாலும் அதைத் தொடாது. முழுவதையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், எம் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கையால் செய்தது எல்லாம் போய்விடும். 24 கோப்புகளிலும் ஒரே மூச்சில் அதைச் செய்தேன். தமிழ் நிமிர்ந்து நின்றது. ண-வில் மூன்று சுழியும் தெளிவாகத் தெரிந்தன.

பர்மியம் உடைந்துபோயிற்று.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பர்மிய எழுத்து அறியாத தமிழர்களுக்கும் இது புரியும், ஏனென்றால் அந்த எழுத்தும் நம் எழுத்தின் உறவுதான். 'தே' என்று எழுதினால் கொம்பு த-வுக்கு இடப்பக்கம் நிற்கிறது அல்லவா? பர்மியத்திலும் ஏகாரக் குறி மெய்க்கு இடப்பக்கம்தான். தண்ணீருக்குப் பர்மியத்தில் 'யே' என்று பெயர். அதை எழுதினால் முதலில் கொம்பு, பிறகு எழுத்து. என் திரையில் கொம்பு வலப்பக்கம் போய் நின்றது. நம் புள்ளியைப் போல அவர்களுக்கும் ஒரு குறி உண்டு; மெய்யின் தலைமேல் சிறு கொக்கியாக இருக்கும், மெய்யோடு ஒட்டியிருக்கும் உயிரை நீக்கிவிடும். அதன் பெயருக்குப் பொருளே கொல்வது என்பதுதான். வீட்டைக் குறிக்கும் 'எய்ன்' என்ற சொல்லில் அந்தக் கொக்கியைக் காணவில்லை. அதற்குப் பதிலாக எழுத்தின் வலப்புறம் யகர ஒலியைச் சேர்க்கும் வேறொரு வளைவு முளைத்திருந்தது. 24 பாடங்களிலும் இப்படியே.

கோப்பைத் தங்கை மகனுக்கு அனுப்பினேன். "இங்கே சரியாக இருக்கிறது மாமா" என்றான். படம் எடுத்தும் அனுப்பினான். அவனிடம் சரியாகத்தான் இருந்தது.

விடை ஸோஜி என்ற எழுத்துருவில் இருந்தது. பர்மிய மரபில் ஸோஜி என்றால் நம் சித்தரைப் போன்ற ஒருவர். காட்டில் மூலிகை தேடித் திரிபவர், ரசவாதம் அறிந்தவர். அந்தப் பெயரில் வந்த எழுத்துருதான் பல ஆண்டுகள் இந்த நாட்டின் கணினிகளிலும் கைபேசிகளிலும் நிறைந்திருந்தது. எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரும் உலகப் பொதுமுறைதான் யூனிகோடு. ஸோஜி அந்த யூனிகோடின் பர்மிய இடங்களையே எடுத்துக்கொண்டது, ஆனால் குறிகளைத் தன் கணக்கில் மாற்றி வைத்துக்கொண்டது. யூனிகோடில் உயிரை நீக்கும் கொக்கி இருக்கும் எண்ணில், ஸோஜியில் யகர வளைவு இருக்கிறது. யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால் சேமிக்கப்பட்டு, திரையில் முன்னால் காட்டப்படும், தமிழிலும் அப்படித்தான். ஸோஜியிலோ கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே சேமிப்பு. பாமினி விசைப்பலகையில் கொம்பை முதலில் தட்டிப் பழகியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். 2019 அக்டோபர் 1 அன்று நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. ஆனால் பழைய கணினிகளில் ஸோஜி எழுத்துரு இன்னும் உட்கார்ந்திருக்கிறது. என்னுடையதிலும் இருந்தது.

இப்போது நடந்ததைக் கோத்துப் பாருங்கள். தமிழும் பர்மியமும் ரைட்டரின் கணக்கில் ஒரே கூட்டம். ஒரு ஸ்டைலுக்குள் இரண்டுக்கும் சேர்த்து எழுத்துருவுக்கு ஒரே ஓர் இடம்தான். அந்த இடத்தில் நான் நோட்டோ செரிஃப் தமிழ் வைத்திருந்தேன். அதில் பர்மிய எழுத்துகள் கிடையாது. தங்கை மகன் இதைத் தட்டச்சின்போதே உணர்ந்து, ஒவ்வொரு பர்மியச் சொல்லாகத் தேர்ந்தெடுத்துப் படாவுக் என்ற பர்மிய எழுத்துருவைக் கையால் கொடுத்திருக்கிறான். அவன் கையால் கொடுத்த அத்தனையையும் நான் ஒரே அழுத்தில் துடைத்துவிட்டேன். நோட்டோவில் எழுத்து இல்லை என்றதும் ரைட்டர் கணினியில் வேறு எதில் பர்மியம் இருக்கிறது என்று தேடி, ஸோஜியை எடுத்துக்கொண்டது; யூனிகோடில் தட்டிய சொற்கள் அதனால்தான் உடைந்தன. அவன் மடிக்கணினியில் ஸோஜி இல்லை; ஆகவே அங்கே எல்லாம் சரி.

என் தந்தை இந்த ஊரில் அச்சுக்கோத்தவர். ஈய எழுத்துக் காலம். தமிழ் எழுத்துப் பெட்டி ஒரு சுவரில், பர்மிய எழுத்துப் பெட்டி எதிர்ச்சுவரில். ஒரு வரியில் இரண்டு மொழியும் வந்தால் அவர் ஒவ்வொரு முறையும் திரும்பி நடந்துபோய் எடுத்து வருவார். வேலை முடிந்து ஈயத்தைப் பிரித்துப் போடும்போது ஒரு பர்மிய எழுத்து தமிழ்ப் பெட்டியில் விழுந்துவிட்டால் அன்று தூங்கமாட்டார். நான் செய்தது, இரண்டு பெட்டிகளையும் தரையில் கொட்டிய வேலை. அப்படி உட்கார்ந்து யோசித்தபோதுதான் வழி தெரிந்தது: பர்மியத்துக்குத் தனிப் பெட்டி வேண்டும்.

டெம்ப்ளேட்டில் 'பர்மியப் பொருள்' என்ற பெயரில் ஓர் எழுத்து ஸ்டைல் உருவாக்கினேன். பத்தி ஸ்டைல் அன்று, வரிக்குள் சில சொற்களுக்கு மட்டும் இடக்கூடிய ஸ்டைல். அதில் மூன்றாவது கூட்டத்துக்கான எழுத்துரு என்ற ஒன்றை மட்டும் படாவுக் என்று வைத்தேன். அளவைத் தொடவில்லை, தொடாமல் விட்டால் 'பாட வரி' எந்த அளவில் இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளும்.

பிறகு 24 பாடங்களில் இருக்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பர்மியச் சொற்களுக்கும் அந்த ஸ்டைலை இட வேண்டும். கையால் செய்தால் திஞ்சான் முடிந்துவிடும். தேடல் பெட்டியில், குறிப்பிட்ட சொல்லுக்குப் பதிலாக எழுத்து வகையைச் சொல்லித் தேட உதவும் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' குறியை இட்டு, சதுர அடைப்புக்குள் பர்மிய நெடுங்கணக்கின் முதல் எழுத்தான க, ஒரு சிறு கோடு, பிறகு 'உடைய' என்று பொருள்படும் அந்த ஒற்றைக் குறி, அடைப்பை மூடி ஒரு கூட்டல் குறி. பர்மியம் படித்தவர்களுக்கு நான் சொல்லும் குறி தெரியும். யூனிகோடில் அடிப்படைப் பர்மிய எழுத்து, குறி, எண் எல்லாம் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கின்றன. 'ஃபைண்ட் ஆல்' அழுத்தியதும் பாடத்திலுள்ள பர்மியம் முழுவதும் ஒரே நேரத்தில் நீலமாக ஒளிர்ந்தது. தமிழும் ஆங்கிலமும் தொடப்படாமல் நின்றன. அப்படியே ஸ்டைல் பட்டியலில் 'பர்மியப் பொருள்' மேல் இருமுறை சொடுக்கினேன். கொம்புகள் எல்லாம் இடப்பக்கம் வந்து உட்கார்ந்தன. இருபத்து மூன்று கோப்புகளுக்கு அதையே திரும்பச் செய்தபோது விடிந்துவிட்டது. பிறகு ஸோஜியைக் கணினியிலிருந்து நீக்கினேன்.

வரி இடைவெளியையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். 'ஃபிக்ஸ்டு' என்று நிலையான அளவு வைத்திருந்தால், எழுத்து பெரிதாகும்போது 'கீ'யின் மேல்சுழியும் பர்மிய அடுக்கெழுத்தின் அடியும் வெட்டுப்படும். 'அட் லீஸ்ட்' என்று வைத்தால் வெட்டாது.

மோல்மேனில் எங்களைப் போலவே வகுப்பு நடத்தும் நண்பர் வேர்டில் வேலை செய்கிறார். அவருக்காக இதையும் எழுதுகிறேன். வேர்டு கேள்வி கேட்காது. டெவலப்பர் பட்டியில் டெம்ப்ளேட் உரையாடல் பெட்டியைத் திறந்தால், ஆவணத்தின் ஸ்டைல்களைத் தானாகப் புதுப்பிப்பதற்கு ஒரு குறியிடும் இடம் இருக்கும். அதை இட்டிருந்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் டெம்ப்ளேட்டின் ஸ்டைல்கள் வந்து உட்காரும். இடாவிட்டால் ஒருபோதும் வராது. டெம்ப்ளேட்டை வேறு கோப்புறைக்கு நகர்த்தினாலும் வராது. ஸ்டைலை மாற்றும் பெட்டியில் 'இந்த ஆவணத்தில் மட்டும்' என்பது தேர்வாகியிருந்தால் மாற்றம் டெம்ப்ளேட்டுக்குப் போய்ச் சேராது. ஒவ்வொரு ஸ்டைலுக்குள்ளும் 'தானாகப் புதுப்பி' என்று இன்னொரு குறி இருக்கிறது, பெயர் ஒன்றுபோல இருப்பதால் குழப்பும். அது வேறு வேலை செய்வது: ஒரு பத்தியில் நீங்கள் கையால் செய்யும் மாற்றத்தை அந்த ஸ்டைலுள்ள எல்லாப் பத்திகளுக்கும் பரப்பிவிடும். பாடநூலில் அதை ஒருநாளும் இடாதீர்கள்.

பத்தாம் நாள் மாலை சயாமாவுக்கு மாதிரித் தாள் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு பாடங்களை முழுவதும் படித்தார். "எழுத்து நன்றாக இருக்கிறது. ஆனால் பிள்ளைக்குப் பர்மியம் பழகிய எழுத்து. கண் முதலில் அங்கேதான் ஓடும். அதைக் கொஞ்சம் மங்கலாக்க முடியுமா தம்பி?" என்றார்.

பத்து நாட்களுக்கு முன் இதைக் கேட்டிருந்தால் ஆயிரம் சொற்களுக்கும் கையால் நிறம் மாற்ற வேண்டியிருந்திருக்கும். அன்றிரவு டெம்ப்ளேட்டில் 'பர்மியப் பொருள்' ஸ்டைலின் நிறத்தைச் சாம்பலாக்கிச் சேமித்தேன். சேமிப்பதற்கு முன் மூலையிலிருந்த தேதியைப் பார்த்துக்கொண்டேன். 24 கோப்புகளும் ஒவ்வொன்றாகக் கேட்டன. தங்கை மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து அவனையே அழுத்தச் சொன்னேன். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. எழுத்துருக்களோடு சேர்த்து பிடிஎஃப் ஆக்கி, அச்சகத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் சாப்பிட்டோம்.

மறுநாள் நண்பகலில் கீழே மணி அடித்தது. இந்தத் தெருவின் மாடி வீடுகளில் பலகணியிலிருந்து கயிறு தொங்கும், அதன் நுனியில் ஒரு கிளிப் இருக்கும். அச்சகத்துப் பையன் மாதிரிப் படிவங்களைப் பையில் போட்டு அதில் மாட்டிவிட்டுக் கையசைத்தான். மூன்றாம் மாடிக்கு இழுத்து எடுத்தேன். ஏழாம் பாடத்தைப் பார்த்தேன். தண்ணீர், கறுப்பு மையில், மூன்று மூன்று சுழியாக. பக்கத்தில் சாம்பல் நிறத்தில் 'யே', கொம்பு இடப்பக்கம்.

படிவத்தில் ஒப்புதல் கையெழுத்திட்டு அதே கயிற்றில் கீழே இறக்கினேன்.